திறக்க மறுக்கும் பக்கங்கள்

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்து அச்சிட்ட காலம் மறைந்து, கணினித் திரையிலேயே பக்கத்தைக் கட்டி முடிக்கும் காலம் வந்தபோது, எம் நாட்டுத் தமிழ் அச்சகங்கள் பலவற்றில் குடிபுகுந்த மென்பொருள் ‘பேஜ்மேக்கர்’ என்பதாகும். அமெரிக்காவிலே சியாட்டில் நகரில் போல் பிரெய்னெர்ட் என்பார் தோற்றுவித்த அல்டஸ் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. 1994இல் அல்டஸ் நிறுவனம் அடோபி நிறுவனத்துடன் இணைந்தது. 2001இல் வந்த ஏழாம் பதிப்பே இதன் கடைசிப் பதிப்பு. கலியாண அழைப்பிதழும், கோயில் மலரும், பாடசாலைச் சஞ்சிகையும், அந்தியேட்டிக் கல்வெட்டும் இதன் திரையிலே உருப்பெற்றவை எத்தனை என்று கணக்கிட முடியாது. எமது சிறிய அச்சகமும் இதனை நம்பியே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தது.

கத்தரிக்கோல் மழுங்கினால் சாணை பிடிக்கலாம். அச்சியந்திரம் தேய்ந்தால் உறுப்பை மாற்றலாம். மென்பொருளோ தேய்வதுமில்லை, துருப்பிடிப்பதுமில்லை. ஆயினும் ஒருநாள் அது வேலை செய்ய மறுத்துவிடுகிறது. காரணம் யாது? மென்பொருள் தானாக எதனையும் செய்வதன்று. எழுத்தைத் திரையில் காட்டவும், கோப்பைத் தட்டில் பதியவும், அச்சுப்பொறிக்கு ஆணையிடவும் இயங்குதளத்தையே அது வேண்டி நிற்கின்றது. வீட்டுக்காரர் மாறிக் கதவுகளும் சாவிகளும் மாற்றப்பட்டபின் பழைய குடியிருப்பாளன் வாசலில் நிற்பதைப் போன்றது அதன் நிலை. அக்கால நிரல்கள் பலவற்றில், நிறுவும் பகுதியாவது 16 பிட் முறையில் எழுதப்பட்டிருந்தது. 64 பிட் விண்டோஸ் அம்முறையை அறவே ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11 என்பதில் 64 பிட் வகையைத் தவிர வேறு வகையே கிடையாது.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. ஆகவே நாம் பாமினி போன்ற எழுத்துருக்களையே கையாண்டோம். பாமினியில் ‘த’ இருப்பது ஆங்கில ‘ஜே’யின் இடத்தில், ‘ம’ இருப்பது ‘கே’யின் இடத்தில். ‘தமிழ்’ என்று நாம் வாசிக்கும் சொல்லை, ஜே, கே, பீ, ஓ, பின்னர் ஓர் அரைப்புள்ளி என்றே கணினி நினைவில் வைத்திருக்கின்றது. எழுத்துரு காணாமற் போயின் தேவாரமும் ஒன்றுதான், மளிகைக் கடை விளம்பரமும் ஒன்றுதான். இரண்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே திரையில் நிற்கும்.

இவ்விரு தொல்லைகளும் சேர்ந்து வந்த ஒரு வேலையைச் சென்ற ஆண்டில் நாம் எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், துணியிற் சுற்றிய ஓர் இறுவட்டைக் கொண்டுவந்தார். வன்னியிலுள்ள தம் ஊரின் வரலாற்றை அவர் கணவர் எழுதி, 2003இல், யுத்த நிறுத்தக் காலத்தில், புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். 2009இல் உடுத்த உடையோடு புறப்பட்டபோது புத்தகங்கள் யாவும் போயின, கணவரும் போனார். பக்கங்களைக் கட்டிய அச்சகமும் இன்று இல்லை.

“தம்பி, புத்தகம் ஒண்டும் மிஞ்சேல்லை. இது மட்டும்தான் இருக்குது. திறந்து பாரும்” என்றார்.

புதிய கணினி அக்கோப்பை இன்னதென்று அறியவில்லை. அடோபி நிறுவனத்தின் இன்டிசைன்கூட, 2012இல் வந்த சீ.எஸ்.6 பதிப்பு வரையிலேதான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பின்வந்த பதிப்புகள் அதனைக் கைவிட்டன. லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச மென்பொருள் ஒருவாறு வாசிக்கும். ஆனாற் பக்க அமைப்பு அப்படியே வருமென எதிர்பார்த்தலாகாது. ஆகவே கணினிக்குள்ளே ஒரு கணினியை அமைத்தோம். வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள், ஒரு பொய்யான பழைய கணினியை உருவாக்கித் தருகின்றது. அதனுள் எம்மிடமிருந்த விண்டோஸ் எக்ஸ்பீ இறுவட்டை நிறுவி, அதன்மேற் பேஜ்மேக்கரை ஏற்றினோம். எக்ஸ்பீக்கு நிறுவனத்தாரின் பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8ஆந் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆதலால் அதற்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

கோப்புத் திறந்தது. உடனே, பக்கம் கட்டப்பட்ட காலத்து அச்சுப்பொறியைக் கேட்டது. வேறு அச்சுப்பொறிக்கு இசைந்தால் வரிகள் மறுபடி கோக்கப்பட்டு, பக்கத்துக்குப் பக்கம் பிசகிவிடும். 118 பக்கங்களையும் யார் திருத்துவது? ஆகவே அதே அச்சுப்பொறிக்குரிய இயக்கியைத் தேடி நிறுவினோம். பொறி உண்மையில் மேசைமேல் இருக்கின்றதா என்று கணினி எட்டிப் பார்ப்பதில்லை. வரிகள் இருந்தபடியே நின்றன. பாமினியும் இறுவட்டிலே இருந்தது.

படங்கள் வேறு கதை. பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது, அவை இருக்கும் இடத்தை மட்டுங் குறித்துக்கொண்டு, திரையிற் காட்டுதற்கு மங்கலான சிறு பிரதியை வைத்திருப்பது வழக்கம். படக் கோப்புகளை இறுவட்டிற் சேர்க்க 2003இல் எவருக்கும் தோன்றவில்லை. ஊரின் பழைய பாடசாலைக் கட்டடத்துக்கு எஞ்சியிருப்பது அந்த மங்கற் பிரதியொன்றே. அஞ்சலட்டையின் காற்பங்காகச் சுருக்கினால் ஓரளவு தெளியும் என்று சொல்லி, அச்சிட்டுக் காட்டினோம். கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார். “கிணத்தடி மாமரம் தெரியுது. காணும் தம்பி” என்றார். எமக்குக் காணவில்லை, ஆயினும் அதற்குமேற் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பர். மாற்றத்தான் வேண்டும், பின்னாளில் தேடிப் படிப்பதற்கு அதுவே வழி. ஆனால் மாற்றியபின் ஒருவர் இருந்து வாசித்தல் அவசியம். பழைய முறையில் கொம்பு முன்னும் எழுத்துப் பின்னுமாக இருக்கும். ஒருங்குறியில் எழுத்தே முந்தியது. நல்ல மாற்றிகள் இதனைச் சரிசெய்துவிடும். எனினும் இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அவை தமிழென்றே எண்ணி உருக்குலைத்துவிடுகின்றன. ஆசிரியையின் புத்தகத்தில் வைத்தியர் ஒருவரின் பட்டம் அவ்வாறு படாதபாடு பட்டது.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் மூலக் கோப்பு, எழுத்துரு, படங்கள், பீ.டி.எவ். பிரதி, ஒருங்குறிப் பாடம் என ஐந்தையும் ஒரே உறையிலிட்டு, இரண்டு இடங்களில் வைக்கின்றோம். எமது அலுமாரியிலுள்ள 60 பழைய இறுவட்டுகளில் 22 திறக்கப்பட்டுவிட்டன. 11 இறுவட்டுகளில் எழுத்துரு இல்லை. அவற்றுக்குரியோருக்குக் கடிதம் எழுதினோம். ஐவர் மறுமொழி தந்துள்ளனர்.