கடலுக்குள் ஓர் இரைச்சல்

யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றை வகுப்பில் கூறிக்கொண்டிருந்தபோது, சாலையில் ஒரு லாரி அலறிக்கொண்டு சென்றது. வழக்கம்போல் நாம் குரலை உயர்த்தினோம். "ஹஜ்ரத், கடலுக்குள்ள இருக்குற திமிங்கலத்துக்கும் சத்தம் கேட்குமா?" என்று ஒரு சிறுவன் வினவினான். அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தோம்.

கேட்கும், அதுவும் நெடுந்தொலைவிலிருந்து. காற்றைவிட நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேலான விரைவில் செல்கிறது. ஒளி புகாத ஆழத்தில் திமிங்கலத்திற்குச் செவியே கண். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் ஒன்றையொன்று அழைப்பது தாழ்ந்த அலைவரிசையில். கப்பல்களின் முழக்கமும் அதிலேயே கலந்துவிடுகிறது. இரைச்சல் கூடினால் அவையும் நம்மைப் போலவே குரலை உயர்த்துகின்றனவாம். அவ்வினத்தில் இன்று எஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்த நாட்களில், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. நீருக்கடி இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. அக்காலத்தில் ஆய்வாளர்கள் அங்கே திமிங்கலச் சாணம் சேகரித்துவந்தனர். (முகம் சுளிக்க வேண்டாம், இதுவும் இல்ம் தேடலே.) அச்சாணத்தில் அழுத்த ஹார்மோன் குறைந்திருந்ததை 2012-இல் வெளியிட்டனர். அவ்வுயிர்கள் அதுவரை எத்தகைய வேதனையில் வாழ்ந்தன என்பதை அந்தச் சில நாள் அமைதியே காட்டிக்கொடுத்தது.

மறுநாள் அச்சிறுவனிடம் இதனைக் கூறினோம்.

"அப்போ கப்பல் மெதுவா போனா போதுமா ஹஜ்ரத்?"

பெரும்பாலான கப்பல்களுக்கு அது பொருந்தும். வேகம் தணிந்தால் சுழலியில் குமிழ்கள் உடையும் ஓசையும் தணியும் என்றோம். அதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.