கரையான் அரிச்சது சரி, ஏன் எங்கட தலையில விழுந்தது?

மானிடவியல் படிக்கிற ஆக்களுக்கு முதலாம் வருடத்திலேயே சொல்லித்தருகிற ஒரு தானியக் கொட்டில் இருக்கு. தென்சூடான் பக்கத்து அசாண்டே மக்களோடு இருந்துவிட்டு வந்து இவான்ஸ்-பிரிச்சார்ட் 1937இல் வெளியிட்ட புத்தகத்தில் வருவது அது. வெயிலுக்கு ஒதுங்கிச் சிலர் கொட்டிலுக்குக் கீழே இருக்கினம். கொட்டில் இடிந்து அவர்கள் மேல் விழுகிறது. காலைக் கரையான் அரித்துப்போட்டுது என்பது அசாண்டே ஆளுக்கு வடிவாத் தெரியும், அதை விளங்கப்படுத்த வெள்ளைக்காரர் ஒருத்தரும் தேவையில்லை. அவர் கேட்கிறது வேறு கேள்வி. இவ்வளவு காலமும் விழாத கொட்டில், இந்த ஆக்கள் கீழே இருந்த இந்த நேரம் பார்த்து ஏன் விழவேணும்?

மூன்றாம் வருடத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு குழு ஒப்படை கிடைத்தது: ஆபிரிக்கப் பாரம்பரிய வைத்தியமும் நவீன சுகாதார சேவையும். தலைப்பைச் சொன்னவுடன் ஒரு பெடியன் "வூடுவோ? பொம்மைக்கு ஊசி குத்துறதோ?" என்று சிரித்தான். அந்த ஊசிப் பொம்மை ஹொலிவூட் படங்களில் வளர்ந்தது, ஆபிரிக்காவில் அல்ல. சிரித்தவனின் கையில் சோதனைக்காகக் கட்டின கோயில் நூல் இருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லேல்ல.

வாசிக்கத் தொடங்கினவுடன் முதலில் உடைந்தது தலைப்புத்தான். ஐம்பத்துச் சொச்சம் நாடுகளுக்கு ஒரே வைத்தியம் எப்படி இருக்கும்? தென்னாபிரிக்கச் சூலு மக்களிடத்திலேயே மூலிகை தெரிந்த இன்யாங்கா வேறு, மூதாதையரிடம் கேட்டுச் சொல்கிற சங்கோமா வேறு. எங்கட பரியாரியாரும் சாத்திரியும் வேறு வேறு ஆக்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ, ஆனால் இங்கே மாதிரியே அங்கேயும் இரண்டும் ஒரே ஆளில் கலந்திருப்பதும் உண்டு. சங்கோமா ஆவது விரும்பித் தெரிவுசெய்கிற தொழில் இல்லை. வருத்தம் வரும், கனவு வரும், மூதாதையர் கூப்பிடுகினம் என்று விளங்கும். பிறகு ஒரு மூத்த சங்கோமாவிடம் போய் இருந்து பயில வேணும். அதற்கு உகுத்வாசா என்று பேர்.

இந்த உகுத்வாசா ஒருமுறை நீதிமன்றம் வரைக்கும் போனது. 2007இல் தென்னாபிரிக்காவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்த பெண் இந்தப் பயிற்சிக்காக ஒரு மாத லீவு கேட்டார். நிர்வாகம் ஒரு கிழமை தரலாம் என்றது. மூதாதையரின் அழைப்பு இவருக்கு வந்திருக்கு என்று தன்னுடைய வைத்தியர் எழுதித்தந்த கடிதத்தைக் குடுத்துவிட்டு அவர் போய்விட்டார். வேலையால் நிற்பாட்டினார்கள். வழக்கு படிப்படியாக மேலே போய் 2013இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் பக்கமே தீர்ப்பானது. நீதிபதிகள் மூதாதையர் இருக்கினமோ இல்லையோ என்ற விசயத்துக்குள் போகவில்லை. அந்தப் பெண் உண்மையாக நம்பினாரா, போகாவிட்டால் தனக்குக் கெடுதி வரும் என்று உண்மையாகப் பயந்தாரா என்றுதான் பார்த்தார்கள். எங்களுக்கு இது நல்லாப் பிடித்தது. வருத்தக்காரர் தன் வருத்தத்தைப் பற்றிச் சொல்வதை வேறோர் ஆள் மரியாதையாகக் கேட்ட இடம் அது.

ஆஸ்பத்திரிகளில் அப்படிக் கேட்ட ஆக்கள் இல்லை என்றும் சொல்லேலாது. நைஜீரியாவின் அபேயோகுட்டாவில் பிறந்த தோமஸ் அடியோயே லம்போ இங்கிலாந்தில் படித்து மனநல வைத்தியராகி ஊருக்குத் திரும்பினபோது நாடு இன்னும் பிரித்தானியரின் கையில். ஊருக்குப் பக்கத்தில் ஆரோ என்ற இடத்தில் மனநல ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள், கட்டிடம் முடியவில்லை. லம்போ கட்டிடத்துக்காகக் காத்திராமல் 1954இல் சுற்றியிருந்த நான்கு கிராமங்களின் வீட்டுக்காரரோடு கதைத்து நோயாளிகளை அங்கே வாடகைக்கு இருத்தினார். ஒரு நிபந்தனை. தாயோ சகோதரமோ மாமியோ, சொந்தக்காரர் ஒருத்தர் கூட வந்து இருக்கவேணும். அவர் சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார், காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே மாத்திரையும் ஊசியும் மின்அதிர்ச்சிச் சிகிச்சையும் நடக்கும். பின்னேரம் திரும்பிக் கிராமத்துக்கு. கிராமத்தில் ஆட்டம் பாட்டம், சடங்கு, கூடிக் கதைக்கிறது எல்லாத்தையும் கவனிக்க யொரூபா வைத்தியர்களையே ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்தது. 

இதில் லம்போ மருந்தை விடவில்லை என்பதைக் கவனியுங்கோ. பாரம்பரிய வைத்தியர் சொல்வதெல்லாம் சரி என்றும் அவர் நினைக்கவில்லை. ஆளைத் தனிய எடுத்துச் சுவருக்குள் பூட்டினால் மாத்திரையால் திருப்பிக் குடுக்கேலாத ஒன்று போய்விடும் என்பதுதான் அவருடைய கணக்கு. பின்னாளில் அவர் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பிரதிப் பணிப்பாளர் நாயகமாகவும் இருந்தவர், அதனால் யாரோ ஒரு மூலையில் செய்துபார்த்த விசயம் என்று தள்ளிவிடவும் முடியாது.

கிராமமும் சடங்கும் என்றால் எல்லாம் குளிர்ச்சி என்று நினைக்கிற ஆக்களுக்கும் ஒரு விசயம். கானாவின் சில பிரார்த்தனை முகாம்களில் மனநோய் உள்ளவர்களை மரத்தோடு சங்கிலியில் கட்டி வைத்து, பட்டினி போட்டு, பேய் போகட்டும் என்று இருப்பதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2012இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்த முகாம்கள் கிறிஸ்தவ முகாம்கள். பாரம்பரிய வைத்தியர்களின் இடங்களிலும் சங்கிலி இருக்கு. அதே கானாவிலும் நைஜீரியாவிலும் பிறகு ஓர் ஆய்வு செய்தார்கள், 2020இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. கடும் மனநோய் உள்ள 307 பேர். ஒரு பகுதி இடங்களில் கிளினிக் உத்தியோகத்தர்கள் வைத்தியர்களின் இடத்துக்கே தொடர்ந்து போய்வந்து, மருந்து குடுத்து, சேர்ந்து வேலை செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் அந்த இடங்களில் இருந்தவர்களின் நோய்க்குறிகள் மற்ற இடங்களை விடக் கூடுதலாகக் குறைந்திருந்தன.

காசநோயிலும் இப்படி ஒரு கதை இருக்கு. தென்னாபிரிக்காவின் ஹ்லாபிசா மாவட்டத்தில் காசநோய் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பை உள்ளூர் வைத்தியர்களிடமும் குடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் போனவர்களில் 89 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்தார்கள், மற்றவர்களிடம் போனவர்களில் 67 சதவீதம். வைத்தியரிடம் போனவர்கள் மொத்தம் 53 பேர்தான், அதனால் இதை வைத்துத் துள்ளிக் குதிக்கத் தேவையில்லை. ஆனால் நோயாளியின் வீட்டுக்காரரைத் தெரிந்த, பின்னேரம் போய்க் "இண்டைக்குக் குடிச்சனியோ?" என்று கேட்கக்கூடிய ஆள் ஊரில் யார் என்றால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஆள் இல்லை.

இதெல்லாம் ஒருத்தரோடு ஒருத்தர் கதைத்த இடங்கள். கதைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கு ஆபிரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் மருந்து எடுக்கிறா, பரியாரியார் தந்த சூரணமும் எடுக்கிறா. ஒருக்கா அதைக் கிளினிக்கில் சொல்லப்போய் எல்லாருக்கும் முன்னால் டொக்டரிடம் நல்ல பேச்சு வாங்கினா. அதுக்குப் பிறகு அம்மம்மா சூரணத்தை விடேல்ல. சொல்றதைத்தான் விட்டவா.

குவாசுலு-நாட்டாலில் இம்பிலா என்று ஒரு கிழங்கு இருக்கு. சூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆரோக்கியம் என்று அர்த்தம். ஈரலையும் சிறுநீரகத்தையும் அழித்துச் சின்னப் பிள்ளைகளைக் கூடக் கொன்ற கிழங்கு அது, வைத்தியசாலைப் பதிவுகளில் இருக்கு. மயங்கின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய், வீட்டில் என்ன குடுத்தது என்று சொல்லப் பயந்தால் டொக்டர் எதை வைத்து வைத்தியம் செய்கிறது? எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவர்கள் கூடவே குடிக்கிற சில மூலிகைகள் உடம்பில் அந்த மருந்தின் அளவை மாற்றக்கூடும் என்று ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டியிருக்கு. சொன்னால்தானே பார்க்கலாம்.

எச்.ஐ.வி. பற்றிச் சொல்லாமல் தென்னாபிரிக்காவைத் தாண்டேலாது. ஜனாதிபதி தாபோ உம்பெக்கியின் காலத்தில் அரசாங்கம் எயிட்ஸ் மருந்தைக் குடுக்கத் தயங்கியது, சுகாதார அமைச்சர் உள்ளி, தேசிக்காய், பீட்றூட், ஆபிரிக்கக் கிழங்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். 2006இல் ரொறொன்ரோவில் நடந்த உலக எயிட்ஸ் மாநாட்டில் நாட்டின் காட்சிக்கூடத்திலேயே உள்ளியும் பீட்றூட்டும் வைத்திருந்தார்கள். அந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 330,000க்கு மேற்பட்ட உயிர்கள் போனதாக ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்குப் போட்டார்கள். 

"பாத்தியளோ, பாரம்பரிய வைத்தியத்தாலதான்" என்று இதைக் காட்டுகிற ஆக்கள் இருக்கினம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. குடிசையில் இருந்த சங்கோமா அந்த நாட்டின் மருந்துக் கொள்கையை எழுதவில்லை. "எங்கட மரபு" என்ற சொல்லைத் தூக்கிப் பிடித்தது அமைச்சு மேசை. அந்தக் குழப்பத்துக்குள் நோயாளிகளிடம் விற்றமின் குளிசையைக் கொண்டுபோய் மருந்துக்கு மாற்றாகக் காட்டினவர் மத்தியாஸ் ராத் என்ற ஜேர்மன்காரர், 2008இல் கேப்டவுன் நீதிமன்றம் அவருடைய பரிசோதனைகளைச் சட்டவிரோதம் என்றது. மரபின் பேரில் அரசியல்வாதி விற்கிற பானங்களை நாங்களும் கொரோனாக் காலத்தில் கண்டனாங்கள். மடகஸ்காரின் ஜனாதிபதி 2020 ஏப்ரலில் கமராவுக்கு முன்னால் ஒரு மூலிகைப் போத்தலைக் குடித்துக் காட்டினார். அதில் இருந்த முக்கிய செடியான ஆர்ட்டிமீசியா சீனாவில் இருந்து வந்தது!

சட்டம் இதில் எங்கே நிற்குது? தென்னாபிரிக்காவில் பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவுசெய்ய முதலில் வந்த சட்டத்தை, மக்களிடம் சரியாகக் கருத்துக் கேட்காமல் நிறைவேற்றினது என்று 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2007இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூலிகை வைத்தியர், குறி சொல்கிறவர், மருத்துவிச்சி, விருத்தசேதனம் செய்கிறவர் எல்லாரும் அதற்குள் வருகினம். குறி சொல்கிறவரையும் சேர்த்ததுதான் அதில் பெரிய விசயம், ஏனென்றால் காசு வாங்கிக் குறி சொல்வதை இனவொதுக்கல் காலத்து 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கி வைத்திருந்தது. இலங்கையில் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் இருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கு. ஆனால் பார்வை பார்க்கிற அப்புவை எந்தப் பட்டப்படிப்புக்குள் போடுகிறது?

மூலிகையை உள்ளே எடுக்கிறது எல்லாருக்கும் லேசு. கிழக்குக் கேப் பகுதி மக்கள் காலங்காலமாகப் பாவித்த பெலார்கோனியம் கிழங்கை ஒரு ஜேர்மன் கம்பனி இருமல் மருந்தாக்கி, காப்புரிமையும் எடுத்தது. அலிஸ் என்ற ஊரின் மக்கள் எதிர்த்துப் போராடி, 2010இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அந்த உரிமங்களில் ஒன்றை இரத்துச் செய்தது. செடியைப் பிடுங்கிக்கொண்டு போகலாம், ஆய்வுகூடத்தில் உடைத்துப் பார்க்கலாம். கொட்டில் ஏன் எங்கட தலையில் விழுந்தது என்ற கேள்வியைப் போத்தலில் அடைக்கேலாது.

அந்தக் கேள்விக்கு மொசாம்பிக்கில் கிடைத்த பதில்தான் எங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது. 1977 தொடங்கின உள்நாட்டு யுத்தம் 1992 ஒக்டோபர் 4இல் சமாதான ஒப்பந்தத்தோடு முடிந்தது. பத்து நாளில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. விசாரணை இல்லை, ஆணைக்குழு இல்லை, மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. கொரொங்கோசாப் பக்கக் கிராமங்களில், யுத்தத்தில் செத்த ஆமிக்காரரின் ஆவிகள் வந்து பெண்களைப் பிடிக்கத் தொடங்கின. காம்பா என்று சொல்லுவினம். வைத்தியர் சடங்கு வைப்பார். அந்தப் பெண்ணின் வாயால் செத்தவன் கதைப்பான்: என்னை யார் கொன்றது, எப்படிக் கொன்றது, என்ன நட்டம். செய்த குடும்பம் முன்னால் இருந்து கேட்கவேணும், ஒத்துக்கொள்ளவேணும், ஈடு குடுக்கவேணும். அரசாங்கம் மறக்கச் சொன்னதைச் சபை நடுவில் வைத்துக் கதைக்கிற ஒரேயொரு இடமாக அது இருந்தது.

எங்கட நாட்டிலும் இதற்குக் கிட்டின ஒன்று இருந்தது. 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் உரு வந்து வாக்குச் சொல்கிறவர்களிடம், பிடித்துக்கொண்டு போன பிள்ளை உயிரோடு இருக்கோ என்று கேட்கப்போன தாய்மார் பற்றிப் பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் எழுதியிருக்கிறா. எங்கள் சமர்ப்பணத்துக்குப் பதினைந்து நிமிசம்தான், அதனால் இந்தப் பகுதியை வெட்டிவிட்டோம். ஆனால் முதல்நாள் இரவு ஹொஸ்டலில் இதைப் பற்றித்தான் கனநேரம் கதைச்சம். எங்களில் ஒருத்தனின் பெரியம்மா 2009க்குப் பிறகு எத்தனையோ கோயில் ஏறி இறங்கினவா. "வாக்குச் சொல்ல ஆக்கள் இருந்தவை," எண்டான் அவன். "முன்னால வந்து இருந்து கேக்கிறதுக்குத்தான் மற்றப் பக்கத்தில இருந்து ஒருத்தரும் வரேல்ல."