தேய்மானம் யார் கணக்கில்?

போன மாதம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கட்டுரை அனுப்ப வேண்டிய நாள். வாரன்ட்டி இருந்ததால் போன் செய்தேன். 'பன்னிரண்டு மணிக்குள் இன்ஜினீயர் வருவார்' என்றார்கள். வந்தபோது மணி மூன்றரை. கதவைத் திறந்ததும் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்த இளைஞர் பதிலே பேசவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மதர்போர்டை மாற்ற உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கஸ்டமர் கேர்லேர்ந்து கூப்பிடுவாங்க. லேட்டுன்னு சொன்னீங்கன்னா இன்சென்டிவ் கட் ஆயிடும்."

பிறகுதான் காபி கொடுத்து விசாரித்தேன். காலையில் திருவள்ளூரில் ஒரு வங்கிக் கிளை. அடுத்தது அம்பத்தூர். அங்கிருந்து வேளச்சேரியில் என் வீடு. இந்த வரிசையைப் போட்டது அவர் இல்லை. கழற்றிய பழைய போர்டை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். தவறினால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். சட்டையில் ஒரு கம்பெனியின் பெயர், சம்பளம் தருவது இன்னொரு கம்பெனி. பைக் மட்டும் சொந்தம். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் தருகிறார்கள்.

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலுக்கே 2 ரூபாய் 20 காசுக்கு மேல் போகிறது. மிச்சம் 80 காசுகூட இல்லை. அதில்தான் டயர், செயின், ஆயில், இன்ஷூரன்ஸ், பைக்கின் மாதத் தவணை எல்லாம்.

தேய்மானத்தைக் கழிக்காமல் காட்டும் லாபம் பொய் லாபம் என்று காலேஜில் படித்திருக்கிறேன். கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை. பைக் அவர்கள் கணக்கிலேயே வராது. தேய்வது பையனின் பைக்; கூடவே அவர் முதுகெலும்பு.

ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பிலும் இருக்கிறது. சரி, சம்பளத்துக்கு வழி உண்டு. இந்த 80 காசை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் போன் வந்தது. "இன்ஜினீயர் நேரத்துக்கு வந்தாரா சார்?"

"டாண்ணு வந்தார்."

பொய்க் கணக்குதான். அதனால் அவருடைய 80 காசு ஒரு ரூபாய் ஆகிவிடவில்லை என்பதும் தெரியும். நீங்களாவது, லேட்டாக வருகிறவரைத் திட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "காலையில எங்கேர்ந்து கிளம்பினீங்க தம்பி?"