சொல்வதும் ஒரு சேவையே

"இலேசான காய்ச்சல், நாலைந்து சிவப்புப் புள்ளிகள். மூன்று நாளில் இறங்கிவிடும். இதைப் போய் யாரிடமும் சொல்லாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுண்டு. ஆத்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு எனப் பல ஊர்களிலிருந்து வரும் எங்கள் வகுப்பில் இதைக் கேளாதவர் இல்லை. வாசலில் வேப்பிலை செருகப்படும். விடுமுறைக் கடிதத்தில் "காய்ச்சல்" என்று மட்டுமே இருக்கும்.

அம்மை என்றால் அடக்கம் வேண்டும் என்ற அவர்கள் எண்ணத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்தப் புள்ளிகள் ரூபெல்லாவாக இருந்தால்? நமக்கு அது சிறு நோய். பக்கத்து வீட்டில் கருவுற்றிருக்கும் அக்காவுக்கோ, முதல் மூன்று மாதங்களில் அது தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு வரக்கூடும்.

இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது எப்படி? 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் பெரும்பாலோரின் அன்னையர், கருவுற்ற தொடக்கத்தில் இந்நோய் கண்டதாகக் கூறினர். தாய்மார்கள் சொன்னதால் அன்றோ மருத்துவம் விழித்தது!

இன்று காய்ச்சலோடு புள்ளிகள் கண்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் போதும். பெயரும் தேதியும் பதிவாகும். இரத்தம் எடுத்து, கிண்டி கிங் நிறுவனம் போன்ற பரிசோதனைக் கூடங்களில் தட்டம்மையா, ரூபெல்லாவா என்று பார்ப்பார்கள். 2016 முதல், இந்நோயால் குறையுடன் பிறக்கும் குழந்தைகளையும் வேலூர் சி.எம்.சி. முதலிய மருத்துவமனைகள் கணக்கெடுக்கத் தொடங்கின.

தொற்றியவர் சிலருக்குப் புள்ளியே தோன்றாது. ஆகவே தடுப்பூசியும் தேவை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கு இவ்வூசி போடப்பட்டது. அப்போது கைப்பேசிகளில் வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். வதந்தியை ஊரெல்லாம் சொல்ல நாணாத நாம், நோயைச் சொல்ல மட்டும் நாணுவதேன்?

அன்புத் தோழியரே! புள்ளி கண்டால் வீட்டில் சொல்லுங்கள், ஆசிரியையிடம் சொல்லுங்கள், சில நாள் பள்ளிக்கு வராதிருங்கள். பெற்றோரே! கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நாம் சொல்லும் ஒரு சொல், இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் கண்ணையும் காதையும் காக்கும்.