அப்பாவும் ஆணியில்லாத படகும்

ஆபீஸ் டூர் என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டே ஊர்தான் தெரியும். ஊட்டி, அதை விட்டால் ஒகேனக்கல். இந்தத் தடவை ஆலப்புழா என்று முடிவானது எங்கள் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் புண்ணியத்தில். "படகுக்குள்ளேயே ஏ.ஸி. இருக்காம்யா, கரிமீன் வறுத்துத் தர்றானாம்யா" என்று மனுஷர் அடித்த தம்பட்டத்தில், ஓசூர் சிப்காட்டிலிருந்து பதினான்கு பேர் ஒரு வேனில் கிளம்பிவிட்டோம்.

பதினைந்தாவது ஆள் என் அப்பா.

அப்பா இருபத்தொன்பது வருஷம் லேத்தில் நின்ற டர்னர். லாரிக்கு ஆக்ஸில் கடைகிற வேலை. கம்பெனியில் சி.என்.சி. மெஷின் வந்தது. கையில் ஒரு செக்கும் கழுத்தில் ஒரு மாலையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் 'விருப்ப ஓய்வு' என்று இருந்தது. யாருடைய விருப்பம் என்று போடவில்லை!

அதற்கப்புறம் காலையில் ஷிப்ட் பஸ் போகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். பஸ் போனதும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். பேச்சே கிடையாது. "இவரை எங்கேயாவது கூட்டிட்டுப் போடா, பார்க்கவே பயமா இருக்கு" என்று அம்மா அழாத குறை.

கிருஷ்ணகிரி, சேலம், கோவை, பாலக்காடு தாண்டி ஆலப்புழா போய்ச் சேர்ந்தோம். படகில் ஏறியதும் எல்லோரும் மாடிக்கு ஓடி செல்பி எடுக்க ஆரம்பித்தார்கள். அப்பாவைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், கீழே விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படகின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சேட்டா, ஒரு ஆணியைக்கூடக் காணோம்?"

ஓட்டுகிற பெரியவர் சிரித்தார். "ஆணியே இல்ல சாரே!"

பாதி மலையாளம், பாதி தமிழில் அவர் விளக்கினார். இதற்குப் பெயர் கெட்டுவள்ளம். கெட்டு என்றால் கட்டு. ஆஞ்ஞிலிப் பலகைகளில் துளை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்து இழுத்துக் கட்டியே முழுப் படகையும் செய்துவிடுவார்களாம். இடுக்குகளில் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் பூசினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. அந்தக் காலத்தில் குட்டநாட்டு நெல்லை கொச்சிக்குச் சுமந்து போனவை இவைதான்.

"அப்புறம் ஏன் நின்னுது?"

"ரோடு வந்நு, லாரி வந்நு. வள்ளத்துக்கு வேலை போச்சு சாரே."

அப்பா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த லாரிக்கு ஆக்ஸில் கடைஞ்சவன் நான்தான்" என்றார்.

பெரியவர் திகைத்துப்போய், "அப்போ சாரோட வேலை?" என்று கேட்டார்.

"அதை மெஷின் கொண்டுபோயிடுச்சு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், மாடியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டு மாசத்தில் அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சும்மா கிடந்த கெட்டுவள்ளங்களுக்குக் கூரை போட்டு, கட்டில் மெத்தை போட்டு, உல்லாசப் படகாக மாற்ற ஆரம்பித்தது 1990-களின் தொடக்கத்தில். இப்போது புதிதாகவே கட்டி இறக்குகிறார்கள்.

ராத்திரி சாப்பாட்டின்போது நானும் என் பங்குக்கு அளந்தேன். கனடா கடற்படையில் ஸ்டார்மான்ட் என்று ஒரு போர்க்கப்பல். 1944-ல் நார்மண்டி படையிறக்கத்தில் இருந்த கப்பல். சண்டை முடிந்ததும் அதைக் காயலான் கடை விலைக்கு வாங்கினார் கிரேக்கக் கோடீஸ்வரர் ஒனாசிஸ். லட்சக்கணக்கான டாலர் செலவழித்து, 1954-ல் மகள் பெயரில் 'கிறிஸ்டினா' என்ற சொகுசுக் கப்பலாக்கினார். அதில் நீச்சல் குளத்தின் தரை மேலே எழும்பி வந்தால் டான்ஸ் ஆடுகிற மேடை!

"அட, கப்பலை நீட்டவும் செய்வாங்க சார். 2005-ல் ராட்டர்டாமில் என்சாண்ட்மென்ட் ஆஃப் த சீஸ் என்கிற கப்பலை நடுவில் அறுத்து, 73 அடி நீளத்துக்குத் துண்டு வைத்து ஒட்டியிருக்காங்க" என்றேன்.

"நம்ம பட்டறையில் லாரி சேஸிஸை நீட்டறாப்ல!" என்றார் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், மூன்றாவது கரிமீனை முடித்தபடி.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் சரிதான்டா. இது அரிசி சுமந்த படகு. ஊருக்குச் சோறு போட்டது. இப்போ சீட்டாடறவனைச் சுமக்குது. அதுக்கு இது பிடிச்சிருக்கான்னு யாராவது கேட்டாங்களா?"

சீட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த எங்கள் கை அப்படியே நின்றது. பதில் சொன்னது ஓட்டுகிற பெரியவர்தான்.

"எதைச் சுமந்தா என்ன சாரே? வள்ளம் தண்ணியில கிடக்கணும். கரையில ஏத்தி வெயில்ல போட்டா, பலகை காய்ஞ்சு வெடிச்சுப்போகும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் இறங்கும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பை மாம்பழத்தை அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஓசூர் திரும்பி இரண்டு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால், அப்பா பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, மைக்ரோமீட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தெருவில் நாலு லேத் வைத்திருக்கிற சின்னப் பட்டறையில் இரண்டு பையன்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கப் போகிறாராம்.

"சம்பளம் எவ்வளவு தர்றாங்களாம்?" என்றாள் அம்மா.

"சம்பளம் கிடக்கட்டும்டி. கரையில கிடந்தா வெடிச்சுடும்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா என்னை முறைத்தாள். "என்னடா வெடிச்சுடும்? அங்கே கூட்டிட்டுப் போய் அவருக்கு என்னத்தை வாங்கிக் கொடுத்தே?"

"கரிமீன்தாம்மா!" என்றேன்.