மேல் படுக்கை யாருக்கு?

கப்பல் கம்பெனிகளின் வண்ணப் புத்தகங்களில் அறைகள் எப்போதும் விசாலமாகவே இருக்கும். வெள்ளை விரிப்புடன் இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு மேஜை விளக்கு. கீழே பொடி எழுத்தில் மட்டும் 'நால்வர் தங்கலாம்' என்றிருக்கும். மற்ற இரண்டு கட்டில்கள் எங்கே?

சுவரில், அல்லது கூரையில். பகலில் மடங்கி மறைந்திருக்கும். இரவில் அறைப் பணியாளர் வந்து இறக்கி, ஏணியை மாட்டிவிட்டுப் போவார். கப்பல் வட்டாரத்தில் இதற்கு 'புல்மேன்' படுக்கை என்று பெயர். 1860-களில் அமெரிக்க ரயில் பெட்டிகளில் மடக்கும் மேல்படுக்கையைப் புகழ்பெறச் செய்த சிகாகோ தொழிலதிபர் ஜார்ஜ் புல்மேனின் பெயர் அது.

வாஷியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அண்மையில் இந்தப் படுக்கைதான் விவாதப் பொருள். கணவர், மனைவி, பத்து வயது மகன், எழுபதைத் தாண்டிய பாட்டி. மும்பையிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போய்வர ஆசை. கணவரின் கணக்கு எளிமையானது. ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பொதுவாகக் கட்டணம் குறைவு. இரண்டு அறை எடுத்தால் நால்வருக்கும் முழுக் கட்டணம். "ரெண்டு ராத்திரிதானே, சமாளிச்சுக்கலாம்" என்றார்.

சமாளிப்பதில் மும்பைத் தமிழர்களை மிஞ்ச ஆளில்லை. நெல்லைச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்த பாட்டி முதலில் குடித்தனம் நடத்தியது தாராவியில். பத்துக்குப் பத்து அறை, இரும்பு ஏணி வைத்த பரண். கொழுந்தன்மார் பரணில், பெண்கள் கீழே, மாமனார் வாசலில். பிறகு செம்பூரில் வாடகை வீடு, மடக்குக் கட்டில். 1992-ல் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின், குடும்பம் கழிமுகத்தைத் தாண்டி வந்து சொந்த ஃபிளாட் வாங்கியது. அங்கும் ஹாலில் சோபா-கம்-பெட்தான். இரவில் விரியும், காலையில் மடியும்.

இப்படிப் பழகியவர்களுக்குக் கப்பல் அறை புதிதல்ல என்று தோன்றலாம். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டே பதிவு செய்ய வேண்டும். மேல்படுக்கை இறங்கிவிட்டால் கீழ்க் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்குமா? ஏணி நின்றபின் குளியலறைக்குப் போக வழி இருக்குமா? கீழே இருப்பவை தனித்தனிக் கட்டில்களா, ஒட்டிப் போட்டவையா? நான்கு பேரின் பெட்டிகளும் கட்டிலுக்கடியில் நுழையுமா? குளியலறை ஒன்றுதான் என்பதும் நினைவிருக்கட்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மேலே படுக்க வைப்பது ஆபத்து.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்', 1990-ல் பிரான்ஸில் கட்டி முடிக்கப்பட்ட கப்பல். சுமார் 800 அறைகள். அறைக்கு இருவர் என்றால் 1,600 பேர். மடக்குப் படுக்கைகளை இறக்கினால் எண்ணிக்கை கூடும். எந்தக் கப்பலானாலும், கூடும் ஒவ்வொரு தலைக்கும் உயிர்காப்புச் சாதனங்களில் இடம் வேண்டும். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். படகுகளில் இடம் 1,178 பேருக்குத்தான். கடல் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் 1914-ல் உருவானது அந்த அனுபவத்தால்தான். அதனால், சில கப்பல்களில் நால்வர் அறை காலியாக இருந்தாலும் அந்தப் பகுதியின் படகுக் கணக்கு நிறைந்துவிட்டால் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். நால்வராகப் போவதென்றால் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

கட்டிலின் எண்ணிக்கை கூடினால் இடம் கூடிவிடாது என்பதை நம் ரயில்வேயும் ஒருமுறை கற்றுக்கொண்டது. 2007 வாக்கில் தூங்கும் வசதிப் பெட்டிகளின் பக்கவாட்டில் மூன்றாவதாக ஒரு படுக்கையைச் செருகிப் பார்த்தார்கள். நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை என்று பயணிகள் திட்டித் தீர்க்க, சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

வாஷி வீட்டில் விவாதத்தை முடித்து வைத்தவர் பாட்டி. "எனக்குக் கீழ. பேரன் மேல ஏறிருவான். இன்னொரு மேல்படுக்கை யாருக்குல?" என்று மகனைக் கேட்டார். கணவருக்கு முதுகுவலி. மிச்சமிருப்பது மருமகள்தான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் ரயிலில் மேல்படுக்கை அவருக்கே என்பது எழுதப்படாத சட்டம். இரண்டு வருடமாக அவருக்கு முழங்கால் வலி. அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஏணியில் கால் வைக்கும்போது அவர் பல்லைக் கடிப்பதை மாமியார் மட்டும் கீழ்ப்படுக்கையிலிருந்து பார்த்திருக்கிறார். "இத்தனை வருஷம் நாம மடக்கி மடக்கித்தான படுத்தோம். காசு குடுத்துப் போற இடத்துலயாவது அவ காலை நீட்டிப் படுக்கட்டும்ல."

கடைசியில் கடல் தெரியும் பால்கனி அறை ஒன்றுக்குப் பதிலாக, ஜன்னல் இல்லாத உள்ளறைகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் எடுத்தார்கள். செலவு சற்றுக் கூடியது. தாங்க முடியாததல்ல. கடலை மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பேரன் மட்டும் சமாதானமாகவில்லை. பாட்டி அறையில் தனக்கு மேல்படுக்கைதான் வேண்டும் என்றான். பதிவு செய்யும்போது அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.