உறைக்கு ஏற்ற துணி

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் சூடு பிடிப்பது திங்கட்கிழமை இரவில். பன்னீர்செல்வம் பூங்காவுக்கு அருகே அப்துல் கனி ஜவுளிச் சந்தையில் அன்று மாலை கூடும் வாரச்சந்தை செவ்வாய்க்கிழமை வரை ஓயாது. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் மூட்டை மூட்டையாகத் துணி கட்டிக்கொண்டிருந்த நெரிசலில், ஐந்தாறு மீட்டர் துணிக்காக நான் போய் நின்றேன்.

சென்னையில் வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் மகள், ஃபுட்டான் என்ற பெயரில் விற்கிற மடிப்பு மெத்தை ஒன்றை வாங்கியிருந்தாள். பகலில் மடித்துவிட்டால் உட்காரலாம், இரவில் விரித்தால் படுக்கலாம். சின்ன அறைக்குத் தோதான சாமான். ஜப்பானியர் தரையில் விரித்துப் படுத்து, விடிந்ததும் மடித்து அலமாரிக்குள் வைக்கும் பஞ்சு மெத்தைதான் அதன் பூர்வீகம். போடி பக்கத்து இலவம்பஞ்சில் தைத்து, காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தி வைத்த நம் வீட்டு மெத்தைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. கூடவே வந்த உறை பாலியஸ்டர். பளபளவென்று இருந்தது, சென்னை வெயிலில் முதுகு நனைந்து ஒட்டியது. பருத்தி உறை தனியாக வாங்கலாம் என்றால் மெத்தை விலையில் பாதி கேட்டார்கள். துணி எடுத்துத் தைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எந்தத் துணி என்பதை நெய்கிறவர்களையும் தைக்கிறவர்களையும் கேட்காமல் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சந்தையில் முதலில் பேச்சுக் கொடுத்த கடைக்காரர், "எதுக்குங்க துணி?" என்றார்.

"மெத்தைக்கு உறை தைக்கணும்ங்க."

"அப்படின்னா மெல்லிசு பெட்ஷீட் பக்கமே போகாதீங்க. அது மேல விரிக்கறதுக்கு. உறைங்கறது தினம் இழுபடறது."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. விரிப்பு மெத்தையின் மேல் சும்மா கிடக்கும். உறை நாலு பக்கமும் விறைத்து நிற்கும். ஆள் புரண்டு படுக்கும்போதெல்லாம் தையலை இழுக்கும். அதிலும் மடிப்பு மெத்தையில் தினமும் ஒரே இடத்தில்தான் மடிப்பு விழுகிறது. அந்தக் கோட்டில் துணியோடு துணி உரசி, முதலில் நூல் நைந்து, பிறகு கிழியும். மூலைகள் அடுத்தது. ஆகவே உறைத் துணியை நடுப்பகுதியை வைத்து எடை போடக் கூடாது. மடிப்பிலும் மூலையிலும் அது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி.

அவர் ஒரு காடாத்துணியை எடுத்து இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கினார். வெள்ளைப் பொடி உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. கஞ்சி. பிறகு அதே துணியைக் குழல்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கசக்கிய இடத்தில் மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. கசக்காத இடம் கெட்டியாகத் தெரிந்தது. இழைகளை நெருக்காமல் நெய்து, இடைவெளியைக் கஞ்சியால் அடைத்த துணி அது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். முதல் சலவையோடு தொளதொளத்துவிடும். மீட்டர் விலை குறைவு என்று சொல்லி விற்கிற துணிகளில் இது நிறைய வருகிறது என்று அவரே சொன்னார். விற்கிறவரே கசக்கிக் காட்டிச் சொன்னதால் நம்பிக்கை வந்தது. நெய்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னிமலைக்குப் போங்கள் என்று அனுப்பினார்.

கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை என்றுதான் பலருக்குச் சென்னிமலை தெரியும். மலைக்குக் கீழே இருப்பது நெசவு ஊர். பெட்ஷீட்டும் போர்வையும் இங்கிருந்து நாடெங்கும் போகின்றன. தெருவில் நடந்தால் விசைத்தறியின் இரைச்சல்தான் முதலில் காதில் விழுகிறது. அதற்கு நடுவே, சில வீடுகளுக்குள்ளிருந்து, கைத்தறியின் சத்தம் நிதானமாக வருகிறது.

அப்படி ஒரு வீட்டுக்குள் போனேன். எழுபதை நெருங்கும் பெரியவர் தறியில் இருந்தார். வாசலோரம் அவருடைய மனைவி இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தார் என்பது, தறியில் குறுக்கே பாயும் நாடாவுக்குள் வைக்கிற, ஊடை என்னும் குறுக்கு நூல் சுற்றிய குச்சி. ஒரு தார் தீர்ந்தால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தறி நிற்கும். அந்த அம்மாவின் வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. நெசவுக்கூலி என்று கிடைப்பதில் அதுவும் அடக்கம்.

கயிற்றை இழுத்தால் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது. பலகை முன்னால் வந்து ஊடையை நெருக்கி அடிக்கிறது. கால் மிதி மாறுகிறது, நீளவாக்கில் ஓடும் பாவின் மேல் இழைகள் கீழாகின்றன. மறுபடி நாடா. துணி வளர்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியவர் அடிக்கடி நிறுத்தி, நெய்த பகுதியை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். ஓர் ஊடை தளர்ந்திருந்தால் கை சொல்லிவிடுகிறது. நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லா இடமும் ஒன்றாகவே இருந்தது.

"பாவு என்ன நூலுங்க ஐயா?" என்றேன்.

"ரெண்டு இருபதுங்க. ஊடை பத்தாம் நம்பர்."

நூல் நம்பரைப் புரிந்துகொண்டால் துணிக்கடையில் பாதி வேலை முடிந்தது. 840 கெஜ நீளம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். ஆக, நம்பர் ஏற ஏற நூல் மெலியும். சட்டைத் துணிக்கு நாற்பது, அறுபது என்று போவார்கள். உறைக்கு அது ஆகாது. ‘ரெண்டு இருபது’ என்றால் இருபதாம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. பருமனில் பத்தாம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம். ஆனால் முறுக்கு ஏறியிருப்பதால் உரசலைத் தாங்கும், சீக்கிரம் பிசிறு விடாது. இழுவை முழுதையும் வாங்குகிற பாவுக்கு இரட்டை நூல், இடத்தை நிரப்புகிற ஊடைக்கு ஒற்றை நூல் என்ற சேர்க்கை இதனால்தான்.

அங்குலத்துக்குப் பாவில் 48 இழை, ஊடையில் 40 என்று நெய்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 210 கிராம் வரும். மெத்தை உறைக்கு 200 முதல் 280 கிராம் வரை சரியான கனம். அதற்குக் கீழே போனால் மடிப்பில் நையும். கேன்வாஸ் அளவுக்கு மேலே போனால் துவைக்கவும் பிழியவும் ஆள் திணற வேண்டும். வாடகை அறையில் ஒற்றை வாளி வைத்துக்கொண்டு அது நடக்காது.

"கனம் நூல்ல இருக்கோணும் தம்பி. கஞ்சியில இருக்கக் கூடாது" என்றார் பெரியவர். பிறகு தன் தறியில் ஓடிக்கொண்டிருந்த போர்வையையே காட்டி, "இதையே ரெண்டு எடுத்துத் தெச்சுக்குங்களேன். எதுக்கு மீட்டர்ல வாங்கறீங்க?" என்றார். அவருடைய மனைவி அதை ஆமோதித்துத் தலையசைத்தார். அந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. சந்தைக்காரர் வேண்டாம் என்றது மெல்லிசு விரிப்பை. இது இரட்டை நூல் போர்வை.

பேச்சு நூலில் இருந்து கூலிக்கும், அங்கிருந்து சட்டத்துக்கும் போயிற்று. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள். பிறகு அது 11 ஆகக் குறைந்தது. பெட்ஷீட், போர்வை, ஜமுக்காளம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இருப்பதை விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. தறி ஓட்டுகிறவருக்கு இது வயிற்றில் அடிக்கிற விஷயம். பெரியவரின் பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். "அவங்க இங்க உக்காரமாட்டாங்க. நானும் உக்காருன்னு சொல்லலீங்க" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தார்.

விசைத்தறித் துணி மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே நூல், அதே நெருக்கம் இருந்தால் உறைக்கு அது நன்றாகவே உழைக்கும். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். விசைத்தறி ஓட்டுகிறவரும் இரவு ஷிப்டில் கண் விழிக்கிற தொழிலாளிதான். கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பதுதான் தவறு. கைத்தறிக்கு விலை கொடுக்கிறவர் 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், அல்லது கூட்டுறவுச் சங்கக் கடைக்கே போக வேண்டும். பண்டிகைக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்போது கைத்தறிப் போர்வையின் விலை விசைத்தறிக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்னொரு மலிவு வழியும் இந்த வட்டாரத்தில் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுகளைப் பிரித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்கிறார்கள். துண்டுகளை நிறம் பிரித்துப் போடுவதால் நூல் நிறத்தோடேயே வருகிறது. சாயம் ஏற்ற வேண்டியதில்லை. விலையும் குறைவு. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை நூலாகி, துணியாகி, கிழிபட்ட இழை. நீளம் குறைந்து போயிருக்கும். ஊடையில் இருந்தால் பரவாயில்லை. பாவிலும் அதுவே என்றால் மடிப்பு மெத்தைக்கு வேண்டாம்.

சாயத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சென்னிமலையிலிருந்து சற்றுத் தொலைவில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் எந்தப் பயிருக்கும் ஆகாமல் போயிற்று. கழிவுநீர் துளியும் வெளியேறாத ஏற்பாட்டை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அடர்ந்த கறுப்பும் கருநீலமும் எங்கிருந்தோ மலிவாக வருகின்றன என்றால், அந்த மலிவுக்கு யாரோ ஓர் ஆற்றங்கரையில் விலை கொடுத்திருப்பார்கள். நான் சாயமில்லாத கோரா நிறத்தில், ஓரத்தில் மட்டும் நீலக் கோடு போட்ட போர்வை இரண்டை எடுத்தேன். நீலக் கோட்டின்மேல் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், நிறம் ஒட்டவில்லை.

தைப்பதற்கு ஈரோட்டிலேயே ஓர் அம்மாவிடம் போனேன். கம்பெனியில் பத்து வருஷம் பீஸ் ரேட்டில் தலையணை உறை தைத்துவிட்டு, இப்போது வீட்டிலேயே பவர் மெஷின் போட்டிருக்கிறார். துணியைத் தொட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நனைச்சீங்களாங்க?"

நனைக்காத துணியை வெட்ட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். நூறு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் சாதாரணமாகப் போகும். தைத்த பிறகு சுருங்கினால் உறை மெத்தைமேல் ஏறாது. ஏற்றினாலும் தையல் பிரியும். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தேன். காலையில் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, அவ்வளவுதான்; கஞ்சி அதிகமில்லை. நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன்.

மெத்தை ஆறடி நீளம், நாலடி அகலம், நாலு அங்குல உயரம். போர்வை 60க்கு 90 அங்குலம். நனைத்த பின் 57க்கு 85 ஆகியிருந்தது. அந்த அம்மா தரையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டார். மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் 74க்கு 50 என்று ஒவ்வொரு போர்வையிலிருந்தும் ஒன்று. மெத்தையைச் சுற்றி வருகிற பட்டிக்கு 240 அங்குலம் வேண்டும், ஐந்து அங்குல அகலத்தில். நீளவாக்கில் மிஞ்சிய ஓரத்தில் ஒரு பட்டி, அடியில் மிஞ்சிய துண்டில் இரண்டு பட்டி. இரண்டு போர்வைக்கும் சேர்த்துத் தேவைக்கு மேலேயே இருந்தது. நீலக் கோடு பட்டியில் வருகிற மாதிரி வெட்டினார். மீதியில் ஒரு சின்னத் தலையணை உறைக்கும் துணி தேறியது.

ஜிப்பை நீளப் பக்கம் முழுக்க வைத்து, இரண்டு மூலையும் திரும்பி ஓரடி போகும்படி தைத்தார். ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் மெத்தையைத் திணிக்க இரண்டு ஆள் வேண்டும் என்றார். மூலைகளில் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து இரட்டைத் தையல். மடிப்பு விழுகிற இடத்தில் தையல் வராதபடி பட்டியின் இணைப்பைத் தள்ளி வைத்தார். அந்த ஒன்றுக்காகவே அவர் கேட்ட கூலி தகும். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

துணியும் ஜிப்பும் கூலியும் சேர்த்து, கடையில் பருத்தி உறைக்குக் கேட்ட விலையைவிடக் கணிசமாகக் குறைவாகவே ஆயிற்று. உறை தைக்க நினைப்பவர்கள் மீட்டர் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், பாவு என்ன நூல், அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். வாங்கிய துணியை நனைத்து உலர்த்தாமல் கத்தரி வைக்காதீர்கள். தைக்கிறவரின் கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.